வீட்டு மூலையில் ஓர் ஒலிக்கூடம்

(நமது மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



 இம்மேடையிற் பேசுவோர் கல்வி, ஒழுக்கம், ஒற்றுமை முதலிய உயர்ந்த பொருள்களை எடுத்துப் பேசுவது வழக்கம். செயலாளர் ஐயா அவர்கள், "தம்பி, இந்த முறை நீங்கள் எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள்?" என்று என்னைக் கேட்டபோது, "கம்பளியையும் தலையணையையும் பற்றி ஐயா" என்றேன். அவர் சிரித்துவிட்டார். நீங்களும் சிரிக்கலாம். ஆயினும் பேச்சின் முடிவில், நம் வீடுகளில் மடித்துக் கிடக்கும் கம்பளியை நீங்கள் வேறொரு கண்கொண்டு பார்ப்பீர்கள் என்ற நம்பிக்கை எனக்குண்டு.

என் பொருள் இதுதான்: வீட்டிலிருந்தபடியே குரலைப் பதிவுசெய்து உலகுக்கு அனுப்பும் ஒரு சிறிய ஒலிக்கூடத்தை, நம் பன்வில மலைப்பக்கத்தில், நம் வசதிக்குள் எவ்வாறு அமைக்கலாம் என்பது. அதைச் சொல்லுமுன் ஏன் அமைக்க வேண்டும் என்பதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அதற்கு என் சொந்தத் தவறு ஒன்றை இச்சபையின் முன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தை இங்குள்ள பெரியோர் அறிவார்கள். ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று அது பங்கிட்டது. அந்தப் பங்கீட்டில் என் அப்பாயியின் அக்காள் குடும்பம் அக்கரைக்குப் போயிற்று. அப்பாயி இங்கே நின்றுவிட்டார். 'அழுகைக் கோச்சி' என்று தோட்டத்தார் பெயரிட்ட அந்த இரயிலில் அக்காளை ஏற்றிவிட்டுத் திரும்பியபோது அவர் தாமே சொற்கட்டி அழுத ஓர் ஒப்பாரி உண்டு. அதை அவர் பிள்ளைகள் முன்னிலையிற் பாடியது இரண்டொரு தரம்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன், நான் பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தபோது, "அப்பாயி, அந்தப் பாட்டைப் பாடுங்க, பிடிச்சு வச்சுக்கிறேன்" என்று கேட்டேன். "பாடுறேன் ராசா, ஆனா சிரிக்கக் கூடாது" என்றார்.

ஐப்பசி மாதத்துப் பின்னேரம். கைபேசியை எடுத்து மேசைமேலிருந்த பிஸ்கற் தகரத்தின்மேல் வைத்தேன். அப்பாயி நான்கு முழம் தள்ளிச் சுவரோரமாக உட்கார்ந்து பாடத் தொடங்கினார். இரண்டாம் அடி முடியுமுன் நக்கிள்ஸ் மலைப்பக்கமிருந்து மழை இறங்கிக் கூரைத் தகரத்தில் விழுந்தது. அவர் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. பதினொரு நிமிடம் பாடினார். அடுத்த கிழமை மறுபடி பதிவுசெய்யலாம் என்றெண்ணினேன். பரீட்சை வந்தது, பேராதனைக்குப் போய்விட்டேன். தை மாதத்தில் அப்பாயி காலமானார். கருமாதி முடிந்த அன்றிரவு வீட்டாரெல்லாம் கூடியிருக்க அந்தப் பதிவைப் போட்டேன். என் தகப்பனார் கைபேசியைக் காதோடு வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு, "மழைதாண்டா கேக்குது" என்று சொல்லி என்னிடம் திருப்பித் தந்துவிட்டார்.

பெரியோர்களே! அன்று என் கையில் இருந்த கருவி போதுமான கருவிதான். அறிவுதான் போதவில்லை. காலையில் பதிவுசெய்திருக்க வேண்டும். கைபேசியை ஒரு சாண் தூரத்தில், மடித்த துணியின்மேல் வைத்திருக்க வேண்டும். மழை வந்ததும் நிறுத்தி, நின்றதும் தொடங்கியிருக்க வேண்டும். இம்மூன்றையும் அன்று ஒருவர் எனக்குச் சொல்லித் தந்திருந்தால் அந்தக் குரல் இன்று எங்களிடம் இருந்திருக்கும். அந்த ஒருவராக இன்று நான் உங்கள்முன் நிற்கிறேன்.

இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. நம் முன்னோர் இம்மலைநாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. அந்த இருநூறு ஆண்டுகளில் எத்தனை தாலாட்டு, எத்தனை காமன் கூத்து, எத்தனை கங்காணிக் கதை! அவற்றுள் ஒரு பகுதியைக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று 1983இல் நூலாக்கித் தந்தார். அவருக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆனால் அச்சில் நிற்பது சொல் மட்டுமே. மெட்டும், மூச்சை இழுத்து விடும் இடமும், தொண்டை அடைக்கும் இடமும் அச்சேறுவதில்லை. அவை ஒலியாகத்தான் நிற்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 'பொட்காஸ்ட்' என்று இன்று உலகெங்கும் வழங்குவதைத் தமிழில் வலையொலி என்கிறோம். அச்சொல்லை 2004ஆம் ஆண்டு ஓர் ஆங்கிலப் பத்திரிகையாளர் எழுதிப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 'ஐபொட்' என்னும் சிறு கருவியின் பெயரையும் ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் இணைத்துப் பிறந்தது அது. அதன் வேலைமுறை எளிது. பதிவுசெய்த ஒலிக்கோப்பை இணையத்தில் ஓரிடத்தில் வைக்கிறோம். புதிதாக எது வந்தது என்று காட்டும் பட்டியல் ஒன்று அதனுடன் இருக்கும். கேட்பவரின் கைபேசி அப்பட்டியலை அவ்வப்போது பார்த்துப் புதியதைக் கொண்டுவந்து தரும். வானொலிக்கு நேரமுண்டு, அந்த நேரத்தைத் தவறவிட்டால் நிகழ்ச்சியும் போயிற்று. வலையொலியோ கேட்பவருக்காகக் காத்திருக்கும். மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் தாய் இரவு பன்னிரண்டு மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்துவிட்டுக் கேட்கலாம். கொழும்புக் கடையில் நிற்கும் அண்ணன் பஸ்ஸிற் கேட்கலாம். நீலகிரியில் இருக்கும் நம் உறவினரும் கேட்கலாம்.

"இதெல்லாம் பெரிய இடத்துக்காரர் வேலை, நமக்கு எங்கே?" என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்கு நம் நாட்டு வானொலியின் பிறப்பை நினைவூட்டுகிறேன். 1920களில் எட்வர்ட் ஹார்ப்பர் என்னும் பொறியியலாளர் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து இசைத்தட்டுகளை ஒலிபரப்பிப் பரிசோதனை செய்தார். கைப்பற்றப்பட்ட ஜெர்மனிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவியிலிருந்து கழற்றியெடுத்த உறுப்புகளைக் கொண்டு ஒலிபரப்பி செய்யப்பட்டது. 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் முறையான ஒலிபரப்பு தொடங்கியது. கடலுக்கு அப்பாலும் தமிழ்நாட்டார் காத்திருந்து கேட்ட இலங்கை வானொலியின் மூலம், ஒரு சிறிய அறையும் பழைய சாமானுமே.

மலைநாட்டிலும் முன்மாதிரி உண்டு. கொத்மலையில் 1989இல் ஒரு சமூக வானொலி தொடங்கியது. 1998 முதல் யுனெஸ்கோவின் துணையோடு அதனை இணையத்துடன் பொருத்தினார்கள். கிராமத்தவர் தம் சந்தேகங்களைக் கேட்டு அனுப்புவர். நிலையத்தார் இணையத்தில் விடை தேடி அதை ஊரார் பேசும் மொழியில் ஒலிபரப்புவர். வெளிநாட்டறிஞர் வந்து பார்த்துப் போய் அதைப் பற்றி எழுதினர். நமக்கு மிக அருகே, மகாவலிக் கரையில் நடந்த காரியம் அது.

ஆகவே, நமக்கு வேண்டியவை யாவை? முதலாவது அறை. இரண்டாவது ஒலிவாங்கி. மூன்றாவது பதிவையும் தொகுப்பையும் செய்யும் கருவி. நான்காவது பேசும் முறை. இவற்றுள் பணம் அதிகம் கேட்பதாக நாம் நினைப்பது ஒலிவாங்கி; உண்மையில் பதிவின் தரத்தை ஆக்குவதும் கெடுப்பதும் அறையே. ஆதலால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய விரிவுரை மண்டபத்தில் யார் பேசினாலும் ஒன்றும் விளங்கவில்லை. பேசிய சொல் ஐந்தரை விநாடிவரை சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டே இருந்தது. அடுத்த சொல் அதன்மேல் ஏறிக் குழம்பியது. இதைத் திருத்தும் பொறுப்பு வாலஸ் சபைன் என்னும் இருபத்தேழு வயது இளைஞரிடம் விடப்பட்டது. அவரிடமிருந்தவை ஓர் ஓர்கன் குழலும் ஒரு நிறுத்தக் கடிகாரமும் தம் காதுமே. ஊர் உறங்கிய இரவு வேளையில், அருகிலிருந்த நாடக மண்டபத்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்புவார். எதிரொலி எத்தனை விநாடியில் அடங்குகிறது என்று அளப்பார். விடியுமுன் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய்ப் போடுவார். அவ்வாறு அவர் கண்ட விதி இன்றும் ஒலியியலின் அடிப்படை: அறை பெரிதானால் எதிரொலி நீளும், ஒலியை உறிஞ்சும் பொருள் இருமடங்கானால் எதிரொலி பாதியாகும். அதாவது, அறை ஒலியியலுக்கு அடித்தளமிட்ட ஆராய்ச்சி மெத்தையைக் கொண்டுதான் நடந்தது. இப்போது கம்பளியைப் பற்றி நான் பேசுவதில் குற்றமில்லை என்று செயலாளர் ஐயா ஒப்புக்கொள்வார்.

நம் லயக் காம்பிராவைப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி. சீமெந்துத் தரை, பூசிய சுவர், தகரக் கூரை. எல்லாமே ஒலியைத் திருப்பி வீசுகிற பொருள்கள். நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். 'டிங்' என்று ஒரு வால் தொடர்ந்தால் அந்த அறை இன்னும் ஆயத்தமாகவில்லை. பேசுபவரின் முதுகுப் பக்கத்திலும் இருபக்கத்திலும் கயிறு கட்டிக் கம்பளிகளைத் தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டவிடாமல் நான்கு விரற்கடை தள்ளி, மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டால் அதிகம் உறிஞ்சும். தரையில் பாயும் அதன்மேல் பழைய போர்வையும் விரியுங்கள். மேசைமேல் ஒரு துவாயைப் போடுங்கள். உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்து அதன் முன்னிருந்து பேசினால் அதுவே அரை ஒலிக்கூடம். மறுபடி கை தட்டுங்கள். தட்டிய ஒலி தட்டிய இடத்திலேயே நிற்கும்.

முட்டை வைக்கும் அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் சத்தம் அடங்கும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நானும் அதை நம்பிப் பன்வில கடைத்தெருவெங்கும் அலைந்து முப்பது அட்டை சேர்த்தேன். பயன் மிகச் சொற்பம். அட்டை மெல்லியது, குரலின் கனத்த பகுதியை அது தடுப்பதில்லை. கனமும் தடிப்புமுள்ள துணியே பயன் தருவது.

இன்னொன்றை நன்றாக நினைவிற் கொள்ள வேண்டும். கம்பளி உள்ளே எழும் எதிரொலியை அடக்கும். வெளியேயிருந்து வரும் சத்தத்தைத் தடுக்காது. இரண்டும் வெவ்வேறு காரியங்கள். அடுத்த காம்பிராத் தொலைக்காட்சியையும், பீலிக்கரைப் பேச்சையும், நாய் குரைப்பதையும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தகரத்தில் விழும் மழையையும் எந்தக் கம்பளியாலும் நிறுத்த முடியாது. அவற்றுக்கு மருந்து நேரந்தான். பெரட்டு முடிந்து எல்லோரும் மலைக்குப் போனபின், காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் லயம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதை வீட்டிலிருக்கும் முதியோர் அறிவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடியும் மழையும் பெரும்பாலும் பின்னேரத்தில்தான் வரும், காலை நமக்குரியது. பதிவுக்கு முன் குளிர்சாதனப்பெட்டி, மின்விசிறி, சுவர்க்கடிகாரம் மூன்றையும் நிறுத்துங்கள். பதிவு முடிந்ததும் அவற்றை மறுபடி தொடக்க மறவாதீர்கள். குளிர்சாதனப்பெட்டியை மறந்துவிட்டு என் தாயாரிடம் நான் வாங்கிய ஏச்சு ஒரு தனிச் சொற்பொழிவுக்குப் போதும்.

அடுத்தது ஒலிவாங்கி. ஒலிவாங்கிகளில் இரு பெருவகை உண்டு. ஒன்று மிகக் கூரிய காதுடையது. அறையின் மூலையில் எறும்பு ஊர்ந்தாலும் கேட்கும். அதைக் 'கண்டென்சர்' என்பர். மற்றது 'டைனமிக்', தன் முன்னால், அருகிலிருந்து பேசுவதையே பெரிதும் கேட்கும். கோயில் திருவிழாவிலும் மேடையிலும் நாம் கையிற் பிடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. விளம்பரத்தைப் பார்த்து முதல்வகையை வாங்கிச் சத்தமுள்ள வீட்டில் வைப்பவர் பின்னர் வருந்துவர். நம்முடையவை போன்ற வீடுகளுக்கு இரண்டாம் வகையே பொருத்தம். அதுவும் இப்போதைக்கு இயலாதாயின், கைபேசியிற் செருகிச் சட்டையிற் குத்தும் சிறிய ஒலிவாங்கி போதும். ஒரு சோடிச் சப்பாத்தின் விலைகூட அதற்கு வராது. அதுவும் இல்லையானால் கைபேசியே போதும்.

எதுவாயினும் தூரமே முக்கியம். தூரம் பாதியானால் குரலின் வலு நான்கு மடங்காகும். அறையின் இரைச்சலோ அப்படியே இருக்கும். நான்கு முழத்தில் வைத்த விலையுயர்ந்த கருவியைவிட ஒரு சாணில் வைத்த மலிவான கருவி நன்றாகப் பதியும். வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கமாகத் திருப்பி வையுங்கள். 'ப' என்று தொடங்கும் சொற்களில் வரும் காற்று அடித்து 'டப்' என்று ஒலிக்காது. கம்பியை வளையமாக்கி அதில் பழைய நைலோன் காலுறையை இழுத்துக் கட்டி இடையில் நிறுத்தினால் அதுவே காற்றுத்தடை. கருவியை ஒருபோதும் தகரத்தின்மேலோ வெறும் மேசைமேலோ வைக்காதீர்கள். மேசையில் விரல் பட்டாலும் அது இடியாகப் பதியும்.

மூன்றாவது, பதிவும் தொகுப்பும். கணினி உள்ளவர்கள் 'ஓடாசிட்டி' என்னும் மென்பொருளை இலவசமாகப் பெறலாம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவரும் அவருடைய ஆசிரியரும் தொடங்கி 2000ஆம் ஆண்டு உலகுக்கு வெளியிட்டது அது. கணினி இல்லாதவர்கள் கைபேசியிலேயே செய்யலாம். விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எழுதும் தரத்தில், ஒற்றைத் தடத்தில் பதிவுசெய்யுங்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஐந்து மெகாபைட் பிடிக்கும். இதுவே மூலப்பிரதி, இதை அழிக்கலாகாது. இணையத்துக்கு அனுப்பும்போது சுருக்கிய பிரதியை அனுப்பலாம். அரைமணி நேரப் பேச்சுப் பதினான்கு மெகாபைட்டுக்குள் அடங்கும். டேட்டாக் காசை எண்ணிச் செலவழிக்கும் நம்மவர் இறக்கிக் கேட்பதற்கு அது வசதி.

பதியும்போது அளவுகாட்டும் கோடு சிவப்பைத் தொடக்கூடாது. உச்சத்தைத் தாண்டிச் சிதைந்த குரலைப் பின்னர் செவ்வையாக்குவது அரிது. சற்றுத் தாழ்ந்த குரலையோ உயர்த்திக்கொள்ளலாம். தொடங்குமுன் அரை நிமிடம் ஒருவரும் பேசாமல் வெறும் அறையைப் பதியுங்கள். அந்த வெற்றொலியை மாதிரியாகக் காட்டினால், விசிறியின் இரைச்சல் போல ஒரே சீராக வரும் ஒலியை மென்பொருள் ஓரளவு குறைத்துத் தரும். ஆனால் எல்லாவற்றையும் அது நீக்கும் என்று நம்பி அசட்டையாக இருக்காதீர்கள். அப்பாயியின் பதிவிலிருந்து மழையை நீக்க நான் பத்து இரவு முயன்றேன். மழை போகப் போகக் குரலும் கரைந்து, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோலாயிற்று. கடைசியில் மழையோடேயே வைத்துக்கொண்டேன்.

நான்காவது, பேசும் முறை. நான் கிறித்தவ மிஷன் பாடசாலையொன்றிற் படித்தவன். அங்கே காலைக் கூட்டத்தில் மாணவர் முறைவைத்து மேடையேறி வாசிக்க வேண்டும். "கடைசி வாங்கில் காது கேளாத உன் பாட்டி இருக்கிறாள் என்று நினைத்து வாசி" என்பார் ஆசிரியர். அந்த உயர்ந்த மண்டபத்தில் ஒவ்வொரு வாக்கியத்தின் எதிரொலியும் அடங்கும்வரை காத்திருந்து வாசிக்கப் பழகினேன். மேடைக்கு அது சிறந்த பயிற்சி. ஒலிவாங்கியின் முன் அதே குரலில் தொடங்கியபோதோ நண்பர் ஒருவர், "யாரோடு சண்டை பிடிக்கிறாய்?" என்று கேட்டார். வலையொலியைக் கேட்பவர் கூட்டமாக இருந்து கேட்பதில்லை. ஒருவர், தனியாக, காதுக்குள்ளே கேட்கிறார். அந்தப் பாட்டி இப்போது கடைசி வாங்கில் இல்லை. உங்கள் பக்கத்தில், இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குச் சொல்வதுபோலச் சொன்னாற் போதும்.

இக்கலையில் நமக்கு ஆசான்மார் உண்டு. இலங்கை வானொலியிலும் பி.பி.சி.யிலும் பணியாற்றிய சோ. சிவபாதசுந்தரம் அவர்கள் 1954ஆம் ஆண்டிலேயே 'ஒலிபரப்புக் கலை' என்று தமிழில் நூல் எழுதினார். எஸ். பி. மயில்வாகனன் அவர்களின் குரலுக்காக வானொலிப் பெட்டியைச் சுற்றிக் கூடியிருந்தவர்கள் இச்சபையிலும் இருப்பீர்கள். பி. எச். அப்துல் ஹமீத் அவர்களின் உச்சரிப்பு இன்றும் இலக்கணமாகப் பேசப்படுகிறது. அவர்களிடமிருந்து திருத்தத்தைக் கற்போம். ஆனால் நம் அப்பாயிமாரைப் பதிவுசெய்யும்போது அவர்களுடைய பேச்சைத் திருத்தாதிருப்போம். 'கொழுந்து', 'பெரட்டு', 'காம்பிரா', 'படங்கு' என்னும் சொற்களில் ஒரு சமூகத்தின் உழைப்பு இருக்கிறது. அவை அவர்கள் சொல்கிறபடியே நிற்கட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குரல் ஒருவருடைய உடைமை. அனுமதியின்றிப் பதிவுசெய்வதும், வேடிக்கைக்காகப் பரப்புவதும் களவுக்குச் சமம். சென்ற ஆண்டு ஒரு மூதாட்டியிடம் இரண்டு மணி நேரம் பேசிப் பதிவுசெய்தேன். முடிந்ததும் காதணிக் கருவியை அவர் காதில் மாட்டி முழுவதையும் கேட்கச் செய்தேன். தம் குரலை அவர் முதன்முறையாகக் கேட்கிறார். வெட்கப்பட்டார், சிரித்தார், பிறகு ஓரிடத்தில் கையை உயர்த்தி, "அந்தக் கடன் கதையை எடுத்துரு தம்பி, அவங்க புள்ளைங்க இன்னும் இருக்காங்க" என்றார். கதையிலேயே சுவையான பகுதி அதுதான். எடுத்துவிட்டேன். அவர் முன்னிலையிலேயே எடுத்தேன். அதன்பின் அவரே இன்னும் இரண்டு மூதாட்டிகளை என்னிடம் அனுப்பிவைத்தார்.

பதிவுசெய்தால் மட்டும் போதாது; காப்பாற்றவும் வேண்டும். கைபேசி தொலையும், கணினி பழுதாகும். மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றையாவது வேறு வீட்டில் வையுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் பேசியவர் பெயர், தோட்டம், திகதி, பேசிய பொருள் ஆகியவற்றை எழுதுங்கள். பெயரில்லாத பதிவு பத்தாண்டு கழித்து ஊமைப் பதிவாகிவிடும். 2005 முதல் ஈழத்து நூல்களை இணையத்திற் சேர்த்துவரும் நூலக நிறுவனத்தார் ஒலிப்பதிவுகளையும் ஆவணமாகப் பேணுகின்றனர். அத்தகையோரிடமும் ஒரு பிரதி இருப்பது நன்று.

தலைவர் அவர்களே! இறுதியாக ஒரு விண்ணப்பம். நம் மன்றக் கட்டடத்தின் பின்புறம், பழைய கதிரைகளும் திருவிழாச் சாமான்களும் போட்டிருக்கும் சிறிய அறை ஒன்றுண்டு. அதற்கு ஒரேயொரு யன்னல். கூரைக்குக் கீழே பலகைத் தட்டும் உண்டு. மழைச் சத்தம் அங்கே பாதிதான். சென்ற வாரம் போய்க் கை தட்டிப் பார்த்துவிட்டே பேசுகிறேன். அந்த அறையை எங்களுக்குத் தாருங்கள். பணம் கேட்கவில்லை. வீட்டுக்கொரு பழைய கம்பளி தாருங்கள். கொழுந்துமலையில் உங்கள் தாய்மாரை மழையிலிருந்து காத்த கம்பளி, இனி அவர்கள் குரலைக் காக்கட்டும்.

இளைஞர்களே! உங்களிடம் நான் கேட்பது இன்னும் சிறியது. இன்று வீட்டுக்குப் போனதும், உங்கள் வீட்டில் மிக மூத்தவர் யார் என்று பாருங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் பக்கத்தில் உட்காருங்கள். கைபேசியை மடித்த துணியின்மேல், ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். முதலில் அனுமதி கேளுங்கள். பிறகு, "நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப" என்று தொடங்கிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ஒலிக்கூடம் அதற்குப் பிறகு வரட்டும், வலையொலியும் வரட்டும். அடுத்த கிழமை பார்க்கலாம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அப்படி எண்ணியவன் சொல்கிறேன்.